வெயில்மேல் பழி போடாதீர்கள்: மலாக்கா மண்ணின் கரிமம்

(மலேசியாவின் மலாக்கா மாநிலத்துச் செர்காமில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மண்ணைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். இந்த ஊரில் மண்ணைப் பற்றிப் பேச வருகிற எவருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கத்தான் வேண்டும். செர்காம், மெர்லிமாவ், ஜாசின், கெமெண்டோர், புக்கிட் லிந்தாங் என்று இந்த வட்டாரத்தில் மூன்று நான்கு தலைமுறையாக மண்ணில் கை வைத்துப் பிழைத்தவர்கள் நீங்கள். மேட்டு நிலத்தில் மண்வெட்டி போட்டால் ஒரு சாணுக்குக் கீழே சரளைக் கல்லில் பட்டு ‘ணங்’ என்று கேட்கும் என்பதைப் புத்தகம் படிக்காமலேயே அறிந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்ல நான் வரவில்லை. அந்த மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கூடிக் குறைகிற ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது கரிமம். கார்பன்.

நம் நிலத்தில் ஏன் சத்து இல்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. இந்த நாட்டு வெயில் அப்படி, இந்த நாட்டு மழை அப்படி, போட்டதெல்லாம் எரிந்தோ கரைந்தோ போய்விடுகிறது என்கிறார்கள். இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று ஆகிவிடும். மலாக்கா மண் இன்று இருக்கும் நிலைக்கு வெயிலும் மழையும் காரணமல்ல, நிலத்தை நாம் பயன்படுத்திய விதமே காரணம் என்பது என் முடிவு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

கரிமம் மண்ணுக்குள் எப்படி வருகிறது? மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து இலையாக, தண்டாக, வேராக ஆக்கிக்கொள்கிறது. இலை உதிர்கிறது. வேர் சாகிறது. மண்புழுவும் கரையானும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவற்றைத் தின்கின்றன. தின்றதில் பெரும்பகுதி அவற்றின் மூச்சாகி மறுபடியும் காற்றுக்கே போய்விடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே தங்குகிறது. மேல்மண் கறுத்திருக்கிறதே, அந்தக் கறுப்பு அதுதான். சிறு பகுதி என்றாலும், உலகம் முழுவதும் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் அது ஏறத்தாழ 1,500 பில்லியன் டன். காற்றிலுள்ள கரிமத்தையும் உலகத்துச் செடிகொடிகள் அனைத்திலும் உள்ள கரிமத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் ஏறத்தாழ அந்த அளவுதான் வரும்.

நம் மண்ணுக்கு இது மற்ற மண்ணைவிடவும் முக்கியம். மலாக்கா மேட்டு நிலத்துக் களிமண் பல லட்சம் ஆண்டு மழையில் ஊறிச் சத்தெல்லாம் கரைந்துபோன களிமண். மிஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும்தான். நிறத்தைப் பார்த்தாலே தெரியும். பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் வல்லமை அந்தக் களிமண்ணுக்கு மிகக் குறைவு. மூட்டை மூட்டையாகப் போடுகிற உரத்தை, வேர் வந்து எடுக்கும்வரை பிடித்து வைப்பது பெருமளவுக்கு இந்தக் கரிமம்தான். கரிமம் குறைந்த நிலத்தில் உரம் போட்ட மறுநாள் கனமழை பெய்தால், போட்ட காசு வாய்க்காலில் போகிறது. சிறுதோட்டக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கரிமம் கூடினால் மண் குளம்போலத் தண்ணீரைத் தேக்கிவிடும் என்று சிலர் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அது மிகை. 2018இல் மினாஸ்னி, மெக்பிராட்னி என்ற இரு மண்ணியலாளர்கள் உலகெங்கும் உள்ள அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கரிமம் ஒரு விழுக்காடு உயர்ந்தால், 100 மில்லிமீட்டர் ஆழ மண்ணில் செடிக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டித்தான் கூடுகிறது. நல்ல காரியத்துக்காக என்றாலும் பொய்க் கணக்கு சொல்லக்கூடாது. கரிமம் மண்ணை நொறுங்காமல் கட்டி வைக்கிறது, மழைநீரை உள்ளே இறங்க விடுகிறது, உரத்தைப் பிடித்து வைக்கிறது, உயிர்களுக்கு உணவாகிறது. அதைக் காக்க இவையே போதுமான காரணங்கள்.

இனி வெயிலின் பங்கைப் பார்ப்போம். இங்கே காலையில் வடித்த சோறு இரவுக்குள் ஊசிப்போகிறது. குளிர்நாட்டில் இரண்டு நாள் கிடக்கும். மண்ணுக்குள் நடப்பதும் அதுதான். இதை அழகாக அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 1977இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜென்கின்சனும் நைஜீரியாவின் இபாடானில் பணியாற்றிய அயனாபாவும் சேர்ந்து செய்தது. கதிரியக்கக் கரிமம் ஏற்றி வளர்த்த ஒரே வகைப் புல்லை இரு நாட்டு மண்ணிலும் கலந்து வைத்து, எது எவ்வளவு வேகத்தில் சிதைகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ரோத்தம்ஸ்டெட்டில் சராசரி வெப்பம் சுமார் 9 டிகிரி, இபாடானில் 26 டிகிரி. இபாடான் மண்ணில் நான்கு மடங்கு வேகமாகச் சிதைந்தது. மலாக்காவின் சராசரி சுமார் 27 டிகிரி. ஆண்டு முழுவதும் பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை. நுண்ணுயிர்களுக்கு இங்கே ஓய்வு காலம் என்று ஒன்று கிடையாது.

நம் முன்னோர் விட்டு வந்த மண்ணிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மண் எப்படி உருவாகிறது என்பதற்கு இலக்கணம் வகுத்தவர் ஹான்ஸ் ஜென்னி. சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்தவர். அவரும் ராய்சௌத்ரி என்ற இந்திய மண்ணியலாளரும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து காட்டு மண்ணையும் உழவு மண்ணையும் எடுத்து ஒப்பிட்டு, 1960இல் டில்லியிலிருந்து நூலாக வெளியிட்டார்கள். மழை கூடக் கூடக் கரிமம் கூடுகிறது, வெப்பம் கூடக் கூடக் குறைகிறது, உழவு செய்த மண்ணில் காட்டு மண்ணைவிடக் குறைகிறது. நீலகிரி மலைமேல் மண் கறுத்துக் கிடப்பதும், கீழே சமவெளியில் வெளுத்துக் கிடப்பதும் இதனால்தான். இந்திய மண் பரிசோதனைக் கூடங்களில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே கரிமம் இருந்தால் ‘குறைவு’ என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். சேலத்திலும் திருச்சியிலும் உள்ள எத்தனையோ உழவர்களின் அட்டையில் அந்தச் சொல்தான் இருக்கும்.

இவ்வளவையும் கேட்டால் வெயில்மேல் பழி போட்டது சரி என்றே தோன்றும். ஆனால் ஜாசின் மாவட்டத்திலேயே புக்கிட் செங்கே காப்புக்காடு இருக்கிறது. அங்கேயும் இதே 27 டிகிரிதான், இதே மழைதான். காட்டுத் தரையில் சருகை விலக்கிக் கையால் மண்ணை அள்ளிப் பாருங்கள். கறுத்து, பொலபொலவென்று, வேரும் பூஞ்சை நூலுமாக வரும். பக்கத்துத் தோட்டத்து மேட்டில் அள்ளினால் கையில் வருவது வெளிறிய மண்ணும் சரளையும். ஒரே வானத்தின் கீழ் இரண்டு மண். காடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதே வெயிலில் தன் கரிமத்தைக் காத்து வந்திருக்கிறது. வெயில் வேகமாகச் செலவழிக்கிறது. காடு அதைவிடத் தளராமல் வரவு வைக்கிறது. இலை விழாத நாள் அங்கே இல்லை. மழைத்துளி நேராகத் தரையில் விழுவதும் இல்லை. ஆக, வெயில் செலவின் வேகத்தை மட்டும் தீர்மானிக்கிறது. வரவு இருக்கிறதா, மேல்மண் இருந்த இடத்தில் இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது நிலத்தை ஆள்கிறவன்.

மலாக்கா நிலத்தை யார் யார் எப்படி ஆண்டார்கள் என்று பார்த்தால், மண் எங்கே போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

ரப்பருக்கு முன்னால் இங்கே மரவள்ளி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் மலாக்காவில் பெரும் பரப்பில் காட்டை வெட்டிக் கொளுத்தி மரவள்ளி நட்டார்கள். கிழங்கை மாவாக்கும் ஆலைகளுக்கு விறகும் அதே காடுகளிலிருந்துதான். மூன்று நான்கு அறுவடையில் மண் ஓய்ந்தது. அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் ஏறியது. மரவள்ளி பிடுங்கும்போதெல்லாம் மண்ணைப் புரட்ட வேண்டும். புரட்டிய மண்ணில் காற்றுப் பட்டு நுண்ணுயிர் வேகம் பிடிக்கும். சரிவில் மழை பெய்தால் மேல்மண் ஓடையில் போகும். ஆகவே ரப்பர் வருவதற்கு முன்பே இந்த மாநிலத்தின் பல மேட்டு நிலங்கள் தம் முதல் இருப்பை இழந்திருந்தன. தோட்டத்தின் வரலாற்றைப் பேசுகிற நாம் இந்த முன்கதையைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

1896இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி கொடுத்த ஊக்கத்தில், இதோ பக்கத்தில் இருக்கிற புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். ரப்பர் கன்றுகளுக்கு நடுவே ஆரம்ப ஆண்டுகளில் மரவள்ளியும் போட்டார்கள். பால் வரும்வரை செலவுக்குப் பணம் வேண்டுமே.

பிறகு வந்தது வெள்ளைக்காரத் துரைமார் காலம். அவர்களில் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் பழகியவர்கள். தோட்டம் என்றால் மரத்தடியில் ஒரு புல்கூடத் தலைகாட்டக்கூடாது என்பது அவர்கள் கொண்டுவந்த பழக்கம். பெரட்டில், அதாவது காலை ஆளெடுப்பில், பேர் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு இறங்கிய பெண்கள், நிரை நிரையாகப் புல்லைச் செதுக்கித் தரையை வெறுந்தரையாக வைத்திருந்தார்கள். துரை குதிரையிலோ சைக்கிளிலோ வந்து பார்க்கும்போது தரை சிவப்பாக, சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தம் மண்ணுக்குப் பெரும் கேடாக முடிந்தது. மலாக்கா மழை வெறுந்தரையில் விழும்போது ஒவ்வொரு துளியும் மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த மண்ணில் இலேசானது முதலில் மிதந்து போகிறது. கரிமம் ஒட்டிய மேல்துகள்தான் இலேசானது. இருபது முப்பது ஆண்டுகள் இப்படிப் போயிற்று. வேர்கள் தரைக்கு மேலே தெரிய ஆரம்பித்தன. சரிவுகளில் சரளை வெளியே வந்தது.

அந்த மண்வெட்டியைப் பிடித்த கைகள் நம் பாட்டிமார்களின் கைகள். அந்த ஆணை அவர்களுடையது அல்ல. ஒரு நாள் கூலிக்காக வெயிலில் குனிந்து செதுக்கியவர்களை இதற்குப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் இந்த மண் எப்படிப் போயிற்று என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

1925இல் சட்டம் இயற்றி ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ஹெய்ன்ஸ் என்ற மண்ணியலாளர், ரப்பர் மரத்தடியில் இயற்கையாக முளைக்கும் செடிகொடிகளை முற்றாக அழிக்காமல் கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று 1934இல் ஒரு கையேடே எழுதினார். புயூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்ற அவரைக் குடும்பத்துக் கொடிகள் இளந்தோட்டங்களில் பரவின. இளமரத் தோட்டத்தில் முழங்கால் உயரம் பச்சைக் கொடி படர்ந்து கிடந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே பாம்பு இருக்குமோ என்று பயந்து கால் வைத்திருப்பீர்கள். அந்தக் கொடி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து முதல் ஐந்து ஆண்டுகளில் ஹெக்டருக்கு 200 கிலோவுக்கு மேல் மண்ணுக்குத் திருப்பித் தந்தது என்று பின்னாளில் அளந்திருக்கிறார்கள். தழைச்சத்தோடு கரிமமும் வந்தது, தரையும் மூடியது. இந்த நாட்டுத் தோட்டத் துறை செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மலாயாவில் முதல் வணிகச் செம்பனை 1917இல் சிலாங்கூரின் தென்னமாரத் தோட்டத்தில் நடப்பட்டது. 1960களுக்குப் பிறகு ரப்பர்த் தோட்டங்கள் வேகமாகச் செம்பனைக்கு மாறின. இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அதுதான் கண்ணில் படும். செம்பனை மண்ணைக் கெடுக்கிறதா, காக்கிறதா? இரண்டையும் செய்கிறது, அதுவும் ஒரே தோட்டத்துக்குள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்திராவின் ஜாம்பியில் செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. நம் நிலத்தைப் போன்றே மழையில் ஊறித் தேய்ந்த மண், நம்முடையது போன்ற வெயில், நம்முடையது போன்ற பயிர்கள். மழைக்காட்டு மேல்மண்ணோடு ஒப்பிட்டால், செம்பனைத் தோட்டத்து மேல்மண்ணில் கரிமத்தின் செறிவு 70 விழுக்காடு வரையிலும், ரப்பர்த் தோட்டத்தில் 62 விழுக்காடு வரையிலும் குறைந்திருந்தது. காட்டுமரங்களோடு கலந்து வளர்த்த பழைய மாதிரி ரப்பரில் 41 விழுக்காடு. இந்தக் குறைவில் சிதைந்து போனது எவ்வளவு, மழையில் அடித்துக்கொண்டு போனது எவ்வளவு? அதை அவர்கள் கண்டுபிடித்த முறை என்னை வியக்க வைத்தது. கரிமத்தில் சற்றே கனமான ஒரு வகை உண்டு. காட்டு மண்ணில் ஆழம் போகப் போக அதன் பங்கு சிறிது சிறிதாகக் கூடும். தோட்டத்தின் மேல்மண்ணை அளந்தபோது, காட்டில் ஒரு முழ ஆழத்தில் இருக்க வேண்டிய அளவு அங்கே மேலேயே இருந்தது. மேலே இருந்த மண் போய்விட்டது, கீழே இருந்தது வெளியே வந்துவிட்டது என்பதே அதன் பொருள். அவர்கள் கணக்கில் செம்பனையில் சுமார் 35 செண்டிமீட்டர், ரப்பரில் சுமார் 33 செண்டிமீட்டர் மண் அரித்துப் போயிருந்தது. வெயில் மண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு போகாது. தரையை மூடாமல் விட்டது யார் என்பதுதான் அந்த 35 செண்டிமீட்டர் எழுப்புகிற கேள்வி.

இனி ஒரே தோட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கு வருகிறேன். நீங்களே செய்து பார்க்கலாம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றுகிற கைவண்டி போகும் பாதையில் ஒரு குழி வெட்டுங்கள். மண்வெட்டி உள்ளே இறங்க மறுக்கும். மண் பாளம் பாளமாக உடையும். வேர் குறைவு. களைக்கொல்லி மருந்து அடித்து அடித்துத் தரையில் பாசி படர்ந்திருக்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்த வரிசையில் பழைய மட்டையைத் தூக்கிவிட்டு வெட்டுங்கள். அடியில் ஈரம் நிற்கும். மட்கிய நாருக்குள் வெள்ளை வேர்கள் பாய்போலப் பின்னிக் கிடக்கும். மண்புழு நெளியும். மண் கறுத்து, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும். மரம் ஒன்று, வயது ஒன்று, உரம் ஒன்று, மழை ஒன்று. மட்டை விழுந்த இடமும் விழாத இடமும் மட்டுமே வேறு. ஒரு ஹெக்டர் செம்பனையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 டன் மட்டை, உலர்ந்த எடையில், வெட்டிப் போடப்படுகிறது. எவ்வளவு பெரிய வரவு பாருங்கள்! அதை ஒரே வரிசையில் குவித்துவிட்டு மீதி நிலத்தைப் பட்டினி போடுகிறோம்.

இரண்டு குழியின் மண்ணையும் பள்ளி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனால் வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1934இல் வாக்லி, பிளாக் என்ற இருவர் வகுத்த சோதனை அது. ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலை மண்ணில் விட்டு அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்தால், கரிமம் உள்ள அளவுக்கு ஆரஞ்சு பச்சையாக மாறும். இன்றும் உலகின் பெரும்பாலான மண்கூடங்களில் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டும் ஆபத்தான திரவங்கள். பிள்ளைகள் கை வைக்கக்கூடாது, ஆசிரியர் செய்து காட்ட வேண்டும்.

ஆனால் மலாக்கா மண்ணை அளக்கும்போது ஒரு கவனம் தேவை. நம் மேட்டு நிலத்துக்கு மண்ணியலில் இந்த மாநிலத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள், மலாக்கா வகை மண் என்று. மலேசிய மண் வகைகளையெல்லாம் வகைப்படுத்தி நூலாக்கித் தந்தவர் எஸ். பரமானந்தன் என்ற நம்மவர். மலாக்கா வகையின் அடையாளம், அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வந்துவிடும் செம்புறைச் சரளை. மலாக்கா நகரில் போர்த்துகீசியர் கோட்டை கட்டியது இந்தச் செம்புறைக் கல்லால்தான். சந்தியாகோ வாசலின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஹெக்டரில் 30 செண்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 3,600 டன் மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு விழுக்காடு கரிமம் என்றால் 36 டன். ஆனால் அந்த மண்ணில் பாதி சரளையாக இருந்தால்? கரிமம் கல்லில் இல்லை, நுண்மண்ணில்தான் இருக்கிறது. சல்லடையில் சலித்து நுண்மண்ணை மட்டும் அளந்து, கல்லைக் கழிக்காமல் பெருக்கினால் கையில் 18 டன் இருக்கும்போது 36 என்று தாளில் எழுதிவிடுவோம். நம் நிலத்தின் பெட்டியே சிறியது. அதில் இருப்பதை இழந்தால் மறுபடி நிரப்ப இடமும் குறைவு, காலமும் நீளம். ஆகவேதான் மலாக்காக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு நேர்மாறான மண்ணும் உண்டு. தெற்கே ஜொகூர் பக்கம் போனால் கரிமண் நிலம் வருகிறது. தண்ணீரில் மூழ்கி மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மரக் குப்பைதான் அந்த மண் முழுவதும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அது காற்றில் கரைய ஆரம்பிக்கிறது. மேற்கு ஜொகூரில் நீண்டகாலம் அளந்து பார்த்ததில், வடித்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தரை ஆண்டுக்குச் சுமார் 2 செண்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த மண்ணில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை நம் நுரையீரல் அறியும். 1997இல் இந்தோனேசியாவின் கரிமண் நிலங்களும் அவற்றின் மேலிருந்த காடுகளும் எரிந்து வெளியான கரிமம், அந்த ஆண்டு உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியேற்றியதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2013 ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு அவசரநிலை அறிவித்தபோது, நாமும் இங்கே சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். மூக்கில் ஏறிய அந்தப் புகை ஒரு காலத்தில் மண்ணாக இருந்தது.

உலகம் சூடாகி வருகிறதே, அப்போதும் வெயிலைக் குறை சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம், ஆனால் அந்த வெயிலிலும் மனிதன் கை இருக்கிறது. பனாமாவின் மழைக்காடு ஒன்றில் மண்ணுக்குள் கம்பி பதித்து, இரண்டு ஆண்டுகள் 4 டிகிரி கூடுதலாகச் சூடேற்றிப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது. மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயு 55 விழுக்காடு கூடியிருந்தது. வெப்பநாட்டு மண் ஏற்கெனவே சூட்டுக்குப் பழகியது, இன்னும் கொஞ்சம் சூடானால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அத்தோடு அடிபட்டது. அதாவது, இனி வரும் காலத்தில் செலவின் வேகம் இன்னும் கூடும். வரவை இப்போதே கூட்டிவைக்காதவர்களுக்கு இரட்டை நட்டம்.

சரி, வரவைக் கூட்ட முடியுமா? முடியும் என்பதற்குக் கோயம்புத்தூரில் சாட்சி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை நூறாண்டைக் கடந்தும் நடந்து வருகிறது. தொடர்ந்து தொழுவுரம் பெற்ற பாத்தியில் கரிமம் கூடி நிற்கிறது. ஒன்றும் இடாத பாத்தி பின்தங்கி நிற்கிறது. ஒரே வெயில், ஒரே வயல். காட்டில் இருந்த அளவுக்கு நம் மேட்டு நிலம் திரும்பிவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் இன்று இருப்பதைவிடக் கூட்ட முடியும், குறையாமல் நிறுத்தவும் முடியும்.

இந்த நாட்டிலேயே அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. மறுநடவு என்றால் பழைய மரங்களைத் தள்ளிக் குவித்துக் கொளுத்துவதுதான் ஒரு காலத்து வழக்கம். கோல்டன் ஹோப் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் அதை மாற்றிக் காட்டியது. மரத்தைச் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, வரிசைகளுக்கு இடையே பரப்பி, மேலே கொடிப்பயிர் விதைத்தார்கள். நெருப்பே வைக்கவில்லை. 1992இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது அதற்குக் கிடைத்தது. சுற்றுச்சூழல் சட்டத்தில் 1998இல் செய்த திருத்தம் திறந்தவெளியில் எரிப்பதைக் கடுமையாகத் தடுத்தது. ஒரு ஹெக்டர் பழைய செம்பனையைக் கொளுத்தினால் பல பத்து டன் உலர்ந்த பொருள் ஒரே நாளில் புகையாகிப் போகிறது. இந்த முறையில் குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். மட்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். தண்டை மெல்லியதாகச் சீவ வேண்டும், கொடிப்பயிரைத் தாமதிக்காமல் விதைத்து விரைவில் மூட வேண்டும். வேலை கூடுதல்தான். பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் நம்மவர்களில் பலர்தான் இன்னும் தீப்பெட்டியைத் தேடுகிறார்கள்.

தோட்டம் விட்டுத் தாமானுக்கு, அதாவது நகர்ப்புறக் குடியிருப்புக்கு, வந்துவிட்ட குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டு முன்னால் உதிர்ந்த மாவிலையையும் பலாவிலையையும் கூட்டிக் குவித்துச் சாயங்காலம் கொளுத்துகிறோம். கொசு போகும் என்று சொல்லிக்கொள்கிறோம். பிறகு சனிக்கிழமை சந்தையில் பைக்குப் பத்து ரிங்கிட் கொடுத்துக் கறுப்பு மண் வாங்கி வந்து துளசிக்குப் போடுகிறோம். அந்த இலையைக் கொல்லைப்புறத்தில் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். நம் வெயிலில் சில மாதங்களில் மட்கிவிடும். இதுவரை நாம் பழித்த வெயில் இந்த வேலையில் நமக்குத் துணை நிற்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி வளாகத்தில் இரண்டு சிறு பாத்தி ஒதுக்குங்கள். ஒன்றில் உதிர்ந்த இலையைப் பரப்புங்கள், மற்றதைச் சுத்தமாகக் கூட்டி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டின் மண்ணையும் எடுத்துப் பரிசோதித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் மாறுவார்கள், ஆசிரியர் மாறுவார்கள், நோட்டுப் புத்தகம் இருக்கும். கூடவே, வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் அந்தக் காலத்துத் தோட்டத்து மண் எந்த நிறம், எவ்வளவு ஆழத்தில் சரளை வந்தது, எந்தச் சரிவில் மண் ஓடியது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் நினைவில் இருப்பது எந்த ஆய்வு ஏட்டிலும் கிடையாது.

சிறுதோட்டம் வைத்திருப்பவர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் நேரடியானது. மட்டையை ஒரே வரிசையில் குவிக்காமல், சரிவுக்குக் குறுக்கே, முடிந்தவரை பரவலாகப் போடச் சொல்லுங்கள். செம்பனை ஆலையில் பழம் எடுத்த வெறுங்குலை கிடைத்தால் லாரி வாடகை கொடுத்தாவது எடுத்து வந்து மேட்டுப் பகுதியில் பரப்புங்கள். மரத்தடி வட்டத்தையும் பாதையையும் தவிர மற்ற இடத்தில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். பழைய மரத்தைச் சாய்க்க ஒப்பந்தக்காரர் வந்து, கொளுத்திவிட்டால் செலவு குறையும் என்று சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். சீவிப் பரப்பவும் கொடி விதைக்கவும் அவர் கூடுதலாகக் கேட்கும் தொகையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கு அந்த மரங்கள் நிற்கப்போவது அந்த மண்ணில்தான்.